தாய்மாமன் மொய்

அடைக்கலம் எங்க தம்பி? சாப்பிடப் போயிருக்கானா? சரி, வரட்டும். நான் இப்படி இந்த ஒயர்ப் பெட்டி மேல உக்காந்துக்கிறேன். தாடி நரைச்சவரைத் தம்பின்னு கூப்பிடறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அவன்கிட்ட வேலை பாக்குறவர்னா எனக்குத் தம்பி முறைதானே. நான் அவன் மச்சான். அவன் அக்கா வள்ளிக்கண்ணைக் கட்டினவன். மேலக்கொல்லை வைரக்கண்ணுன்னு கேட்டா இந்தப் பக்கத்துல தெரியாத ஆள் கிடையாது.

என்ன? என்ன சொல்ல வர்றீங்க? இருங்க, முதல்ல நான் சொல்லி முடிச்சிடறேன். அவன் மூஞ்சியைப் பாத்துட்டா எனக்குக் கோபத்துல பேச்சு வராது. இப்பவே யார்கிட்டயாவது ஒழுங்காச் சொல்லிப் பாத்துக்கிட்டாத்தான் உண்டு.

நான் இந்த விருந்துக்கு வந்த ஆள் இல்ல. இது யார் வீட்டு விருந்துன்னே எனக்குத் தெரியாது. பட்டுக்கோட்டை போக, கையில இந்தத் தூக்கோட ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னேன். ஹாரன் சத்தம் கேட்டுச்சு. அதோ, அந்த இடது பக்கத்து ஹாரன்ல ஒரு கரகரப்பு இருக்கு பாருங்க, தொண்டையில மீன்முள்ளு மாட்டின மாதிரி, அதை நான் எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன். அவன் அந்த மைக் செட்டை வாங்குறப்ப கடைக்குக் கூடப் போனவனே நான்தான். நிமிர்ந்து பாத்தா தென்னை மரத்துல ஹாரன் தொங்குது. சிவப்புப் பெயின்ட்டுல 'அடைக்கலம் ஒலி ஒளி'ன்னு எழுதியிருக்கு. ஆகா, மாட்டினான்டான்னு வந்த பஸ்ஸை விட்டுட்டு உள்ள வந்துட்டேன்.

ஊரார் வீட்டு விருந்துக்கெல்லாம் செட்டு போகுது. சொந்த அக்கா வீட்டு விருந்துக்கு மட்டும் வராது. இதுக்கு அவன் பதில் சொல்லணும். சொல்லாம நான் இந்தப் பெட்டியை விட்டு எந்திரிக்கப் போறதில்ல.

வாசிங்க, வாசிங்க. மொய்ச் சீட்டு வந்திருச்சு பாருங்க. உங்க வேலையை நான் கெடுக்கல.

நல்லா வாசிக்கிறீங்க. ஆனா ஊர்ப்பேரை முதல்ல சொல்லி, அப்பறம் ஆள் பேரு, அப்பறம் தொகை. அதான் எங்க பக்கத்து முறை. உங்க பேச்சைக் கேட்டா வெளியூர் மாதிரி இருக்கே. மணப்பாறையா? இங்க பொண்ணு கட்டினீங்களா? சரிதான். உங்க ஊர்ல மொய் விருந்து உண்டா? கிடையாதா? அப்ப உங்களுக்கு விளங்குற மாதிரி சொல்றேன்.

ஒரு வீட்டுக்குப் பணம் அவசரமா வேணும்னு வைங்க. எங்க பக்கத்துல பாங்கிக்குப் போக மாட்டோம், வட்டிக்காரன்கிட்டப் போக மாட்டோம். ஆடு வெட்டிக் கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவோம். நம்ம முன்னாடி யார் யார் விருந்துக்கு மொய் எழுதினோமோ அவங்க எல்லாம் வருவாங்க. சாப்பிட்டுட்டு, நாம எழுதினதுக்கு மேல கொஞ்சம் சேர்த்து எழுதிட்டுப் போவாங்க. ஜாமீன் கிடையாது, வட்டி கிடையாது, கேவலம் கிடையாது. கை நீட்டி வாங்குற பணத்தை மாலை போட்டுக்கிட்டு வாங்கலாம். வேற எந்த ஊர்ல உண்டு சொல்லுங்க?

எனக்கு அவசரம் வந்தது மகளால. சுபலட்சுமி. பன்னெண்டாவது முடிச்சுட்டு நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்ல இடமும் கிடைச்சிருச்சு. எண்பத்தஞ்சாயிரம் கட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா அடுத்த புள்ளைக்குப் போயிரும்னு சொல்லிட்டாங்க. அந்த வெள்ளிக்கிழமைக்கு மூணே வாரம்தான் இருந்துச்சு.

அதுக்கு என் வீட்டுக்காரி சொன்ன யோசனை எல்லாம் கேக்கணுமே நீங்க! நகையை வைக்கலாம்னா நகை இல்ல. புயல்ல தென்னை விழுந்த வருஷம் பாங்கிக்குள்ள போனது, இன்னும் திரும்பல. "ஏங்க, வியாபாரிகிட்டத் தேங்காய்க்கு முன்பணம் வாங்குவோமா?"ன்னா. வாங்கினா அந்த வருஷம் பூரா அவன் வச்சதுதான் விலை. "குழுவுல கடன் கேக்கவா?"ன்னா. குழுவுல கேட்டா பத்துப் பொம்பளைங்க என் வீட்டு நடுவுல உக்காந்து என் கஷ்டத்தைப் பேசிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. "அப்ப உங்க வண்டியை வித்துடுங்க"ன்னா. ஏம்மா, நான் நடந்து போனா நாலு பேர் வண்டி எங்கேன்னு கேப்பானா மாட்டானா? "சரி, என் கிடா ரெண்டையும் சந்தையில வித்துடறேன், கால்வாசியாவது தேறும்"ன்னா. விருந்துக்குக் கிடா வேணுமே, அதை வித்துட்டு எதை வெட்டுறது?

எதைச் சொன்னாலும் எனக்குத்தான் யோசனை போகும் தம்பி. அவளுக்கு அவ்வளவு தூரம் போகாது. நான் பதினஞ்சு வருஷமா ஊர் ஊராப் போய் எழுதியிருக்கேன். என் பணம் வெளியில கிடக்கு. அதைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அதுலயும் ஒரு யோசனை சொன்னா. எங்க ஊர்ல நாலு பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல விருந்து வைக்கிறாங்க, வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. செலவைப் பங்கு போட்டுக்கலாம். "நாமளும் அஞ்சாவதாச் சேர்ந்துக்குவோம். தேதியும் நமக்குச் சரியா வருது"ன்னா. நானும் போய்க் கேட்டேன், கேக்காம இல்ல. பேனர் அடிக்கக் கொடுத்தாச்சாம். என் போட்டோவைக் கடைசியில, கறிக்கடை மருதுபாண்டி போட்டோவுக்குக் கீழ, இந்தா இத்துனூண்டு, தபால்தலை அளவுக்குப் போடுறேன்றான். நான் பாத்து வளந்த பய மருதுபாண்டி. அவன் காலுக்குக் கீழயா என் தலை?

அதனால அடுத்த ஞாயித்துக்கிழமை தனியா வச்சேன். என் பந்தல், என் பேனர். ரோட்டுலேருந்தே தெரியும், பன்னெண்டடி.

மகள்தான் அழுதா. "அப்பா, வெள்ளிக்கிழமைதான்ப்பா கடைசி. ஞாயித்துக்கிழமை பணம் வந்து என்ன பண்றது?"

"ரெண்டு நாள்தானம்மா. நான் பேசிக்கிறேன்"னேன். பேசவும் செஞ்சேன். காலேஜுக்குப் போன் போட்டு, நான் இன்னார், எனக்கு விருந்து இருக்கு, திங்கக்கிழமை பணம் வரும்னேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. "பாக்கலாம் சார்"னு சொல்லி வச்சிருச்சு. பெரிய இடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. நாம புரிஞ்சுக்கணும்.

அதுக்கப்பறம் வீட்டுல ரெண்டு நாள் பேச்சு இல்ல. சோத்தைப் போட்டுட்டுத் திரும்பிக்குவா. புதன்கிழமை, "என் தம்பிக்குப் பத்திரிகை வச்சுட்டு வர்றேன்"னு கிளம்பிப் போனா. போன முகம் ஒண்ணு, வந்த முகம் ஒண்ணு. அழுதிருக்கா, ஆனா தெளிவா இருந்தா. நான் சொன்னேன், "பாத்தியா, பொறந்த வீட்டுப் படியை மிதிச்சதும் சரியாயிட்டே"ன்னு.

வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. விருந்துக்கு ரெண்டு நாள் இருக்கு, ஆத்தாளும் மகளும் விடிஞ்சதும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிட்டாங்க. பெரிய கோயில்ல வேண்டுதலாம். மிளகாய் அரைக்க ஆளில்ல, விறகு அடுக்க ஆளில்ல, நான் ஒருத்தன் கிடந்து அல்லாடுறேன். சாயங்காலம் வந்து இறங்குறாங்க. கோயிலுக்குப் போனவங்க நெத்தியில துளி விபூதி இல்ல. சிரிச்சுக்கிட்டு வேற வர்றாங்க.

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? செட்டு விஷயமா? அதுக்குத்தான் வர்றேன். குறுக்க பேசாதீங்க.

வாசிங்க. அவங்க நிக்கிறாங்க பாருங்க, வாசிங்க.

ரெண்டாயிரத்து ஐந்நூறு எழுதிட்டு அந்தாளு எப்படி நிக்கிறான் பாத்தீங்களா? பேரு ஹாரன்ல வர்ற வரைக்கும் நகர மாட்டான். அதான் தம்பி விஷயம். மொய் விருந்துக்குக் கறி கூட ரெண்டாவதுதான், மைக்குதான் முதல். ஐந்நூறு எழுதலாம்னு வந்தவன், முன்னாடி நிக்கிறவனுக்கு ஆயிரம்னு ஹாரன்ல கேட்டுட்டான்னா வெக்கத்துக்காவது ஆயிரம் எழுதுவான். மைக் இல்லேன்னா? வெக்கமே கிடையாது.

அடைக்கலத்துக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை. "டேய், செட்டைக் காலையிலயே கொண்டாந்து கட்டிரு"ன்னேன்.

"மச்சான், செட்டு... வேற இடத்துல இருக்கு மச்சான்"னான்.

"வேற இடத்துலயா? யார் வீட்டுல?"

"அது... நாளைக்கு வராது மச்சான். கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்களாம்! கல்யாணம் காட்சி இல்லாத பய. அந்த செட்டைத்தான் கட்டிக்கிட்டான், அதோடதான் குடும்பம் நடத்துறான்னு ஊரே கேலி பண்ணும். மழை வந்தா இவன் நனைவான், ஆம்ப்ளிஃபயருக்குக் குடை பிடிப்பான். அப்படி வச்சுக்கிட்டிருந்த செட்டை, அக்கா மகளுக்காக விருந்து வைக்கிற அன்னிக்கு வேற எவனுக்கோ அனுப்பிட்டான். எவன் கூட நூறு ரூபா வாடகை கொடுத்தானோ!

ஒரு நாள்ல வேற செட்டு எங்க கிடைக்கும்? அன்னிக்குச் சுத்துவட்டாரத்துல மூணு விருந்து. என் சித்தப்பா மகனை நிக்க வச்சு வெறும் தொண்டையில வாசிக்கச் சொன்னேன். பந்திச் சத்தத்துல அவன் கத்தினது அவனுக்கே கேக்கல. ஆயிரம் எழுத வந்தவனெல்லாம் ஐந்நூறைக் கொடுத்துட்டுக் கை கழுவப் போயிட்டான். எல்லாம் யாரால?

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னாத்தான் என் வயிறு எரியறது உங்களுக்குப் புரியும். எங்க வழக்கத்துல முதல் மொய் தாய்மாமன் மொய். புள்ளையோட மாமன் வந்து எழுதி, அதை வாசிச்சப்பறம்தான் மத்தவன் எழுதணும். தாய்மாமன் பெருசா எழுதினாத்தான் மத்தவன் கையும் நீளும். நான் அந்த முதல் இடத்தைக் காலியா விட்டுட்டு உக்காந்திருக்கேன். வரிசை நிக்குது. ஆள் வரல. "மாப்பிள்ளை, வெயிலு ஏறுது, எழுதிட்டுப் போறோம்"னு பெருசுங்க எல்லாம் கேலி பேசுது. வேற வழியில்லாம ஆரம்பிச்சிட்டோம்.

துரை எப்ப வர்றாரு தெரியுமா? ரெண்டாம் பந்தி உக்காந்தப்பறம், டவுன் பஸ்ஸுல. கசங்கின சட்டை. வந்து நின்னு எழுதறான், நூத்தியொண்ணு.

நூத்தியொண்ணு தம்பி! தாய்மாமன்!

நாலு பேருக்கு முன்னாடி கேட்டேவிட்டேன். "ஏன்டா அடைக்கலம், ஊரெல்லாம் ஹாரன் கட்டிச் சம்பாதிச்சது இவ்வளவுதானா?"

அவன் சிரிச்சான். "பஸ்ஸுக்குப் போக மிஞ்சினது மச்சான்"னான்.

திமிரைப் பாத்தீங்களா? அந்த நூத்தியொண்ணை வாசிக்கவே கூடாதுன்னுட்டேன். வாசிக்கல. வள்ளிக்கண்ணு அடுப்படியிலேருந்து ஓடியாந்து, "வாசிக்கச் சொல்லுங்க, அவன் பேரை வாசிக்கச் சொல்லுங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எத்தனையோ விருந்துல அவ தம்பி மத்தவங்க பேரை வாசிச்சிருக்கான், அவன் பேரை ஒரு தடவையாவது வாசிக்கணுமாம். நூத்தியொண்ணையா? ஊரு காறித் துப்பும்னு உள்ள போகச் சொல்லிட்டேன்.

அவன் சாப்பிடவும் இல்ல. தண்ணி ஜக்கைத் தூக்கிக்கிட்டுப் பந்தி பந்தியா ஊத்திக்கிட்டே நின்னான். கடைசிப் பந்தி முடிஞ்சு எச்சில் இலை எடுத்து, அண்டா குண்டான் எல்லாம் கழுவிக் கவுத்துட்டுத்தான் போனான். குத்தம் செஞ்ச நெஞ்சு, வேலை செஞ்சு சரிக்கட்டப் பாக்குது. எனக்குத் தெரியாதா?

பந்தல்காரனுக்கு, பேனருக்கு, வெளியில வாங்கின கிடாவுக்கு, அரிசிக்கு எல்லாம் கொடுத்தப்பறம் மிஞ்சினது பன்னெண்டாயிரம். கொண்டுபோய் வள்ளிக்கண்ணு கையில கொடுத்தேன். எண்ணிக்கூடப் பாக்கல. "போதுமா?"ன்னேன். "போதும்"னா. ரெண்டாம் நாள் சுபலட்சுமி பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் காலேஜுக்குப் போயிட்டா. வெள்ளைக் கோட்டுப் போட்டு போட்டோ அனுப்பியிருக்கா, பாக்குறீங்களா? இதான். நல்லா இருக்காளா?

அத்தனை சொதப்பலுக்கும் நடுவுல என் விருந்துதான் தம்பி என் மகளைச் சேர்த்துச்சு. பன்னெண்டாயிரத்தை முதல் தவணையா வாங்கிக்கிட்டாங்க போல. நான் போன்ல பேசின பேச்சு அப்படி.

ஆனா நன்றி இருக்கா பாருங்க. தினமும் ஆத்தாளுக்குப் போன் வருது. எடுத்ததும் மகள் கேக்குற முதல் கேள்வி என்ன தெரியுமா? "மாமா சாப்பிட்டாரா?" அப்பா சாப்பிட்டாரான்னு இல்ல. மாமா! நூத்தியொண்ணு மாமா!

ஆத்தாளும் அப்படித்தான். இந்தத் தூக்குல என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? அயிரை மீன் குழம்பு. வாரா வாரம் போகுது. அவன் பட்டுக்கோட்டையில ஏதோ மண்டியில மூட்டை தூக்குறானாம், வெளிச் சோறு அவனுக்கு ஆகாதாம். இன்னிக்கு அவளுக்குக் கால் வலி, "நீங்க கொண்டுபோய்க் கொடுங்க"ன்னு என்னை அனுப்பிட்டா. செட்டு வச்சிருக்கறவன் எதுக்குத் தம்பி மூட்டை தூக்குறான்? நம்புற மாதிரியா இருக்கு? ஆளை வச்சு இங்க செட்டை ஓட்டிக்கிட்டு, அக்காகிட்ட மூட்டைக் கதை சொல்லிக் குழம்பு வாங்கித் திங்கிறான். இன்னிக்கு மாட்டினான். இந்தா, நீங்களே சாட்சி, செட்டு ஓடுது, ஹாரன்ல பேரு...

சரி, சொல்லுங்க. அப்பலேருந்து என்னமோ சொல்ல வர்றீங்க. சொல்லுங்க, கேக்குறேன்.

என்னது?

உங்களுதா? எது உங்களுது?

ஹாரனும் சேர்த்தா? ஆம்ப்ளிஃபயர், மைக்கு, எல்லாமா? அப்ப நீங்க அவன்கிட்ட வேலை பாக்கலையா? சாப்பிடப் போயிருக்கான்னு... ஓ. நீங்க சொல்லல. நானேதான் கேட்டு நானே சொல்லிக்கிட்டேன்.

எப்ப வாங்கினீங்க?

ஆடி மாசம்னா, ஆடியில என்னைக்கு? கிழமை சொல்லுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

வியாழக்கிழமை.

எங்க விருந்துக்கு முந்தின வியாழக்கிழமையா?

இல்ல, ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது. தண்ணி இருந்தா கொடுங்க.

நீங்க பேரம் பேசினீங்களா? பேசாமலே கொடுத்தானா? மறுநாள் விடியறதுக்குள்ள பணம் வேணும்னானா. வேற என்ன சொன்னான்? 'எங்க வீட்டுப் புள்ளை நர்சாகப் போவுது'ன்னா? எங்க வீட்டுப் புள்ளைன்னா சொன்னான்?

பணம் வாங்க வந்தப்ப கூட ஒரு பொம்பளையும் வந்துச்சா. சரி. அது யாருன்னு நீங்க சொல்ல வேணாம்.

ஹாரன்ல பேரை ஏன் அழிக்காம வச்சிருக்கீங்க? அந்தப் பேரைப் பாத்துத்தான் இந்தப் பக்கத்துல உங்களைக் கூப்பிடறாங்களா. அதுவும் சரிதான். அவன் பேருக்கு அவ்வளவு இருக்கு.

எனக்கு எரிச்சல் எதுல தெரியுமா தம்பி? சொல்லியிருக்கலாம்ல! ஒரு வார்த்தை! அந்த வீட்டுல சோறு தின்னுக்கிட்டு நானும் ஒரு மனுஷன் இருக்கேன்ல? நெத்தியில விபூதி எங்கேன்னு கேட்டேன், அப்பவாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்குப் போக மிஞ்சினதுன்னு சொன்னானே, அப்ப சிரிக்காம சொல்லியிருக்கலாம். இப்ப நான் இதை எங்க எழுதுறது? யாருக்குன்னு திருப்பி எழுதுறது? அவன் விருந்து வைக்கப் போறானா? அவனுக்குக் கல்யாணமா, காதுகுத்தா? செட்டு இருந்தாலாவது வாடகை கொடுத்துக் கூப்பிடலாம். அதுவும் இல்ல. மூட்டை தூக்குறான்.

அந்த மைக்கு ஓடுதுல்ல? பாட்டை நிறுத்துங்க.

அடுத்தவங்க விருந்துதான், தெரியும். அவங்க வந்து சண்டை போட்டா நான் பேசிக்கிறேன். இல்ல, பேச மாட்டேன், நீங்க பயப்படாதீங்க, கால்ல விழுந்துடறேன். ஒரு தடவைதான். அந்த சீட்டுக்கெல்லாம் முன்னாடி இதை வாசிங்க. தாய்மாமனுது முதல்ல வரணும்.

நானா? வேணாம். நீங்க நல்லா வாசிக்கிறீங்க, நீங்களே வாசிங்க. ஊர்ப்பேரு முதல்ல. மேலக்கொல்லை. சுபலட்சுமி படிப்புக்கு, தாய்மாமன் அடைக்கலம் மொய்...

எவ்வளவுன்னு என்கிட்ட ஏன் கேக்குறீங்க? எனக்கு எப்படித் தெரியும்? அவன் கையில எண்ணிக் கொடுத்தவர் நீங்கதானே. அதை அப்படியே சொல்லுங்க. மெதுவா, நிறுத்திச் சொல்லுங்க. ரெண்டு ஹாரன்லயும் கேக்கணும்.